இந்தக் குதிரைதானா அந்தக் குதிரை?

மதுரைச் சீமையில் பிறந்தவர்களுக்கு நரியைப் பரியாக்கிய கதையைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. பாண்டிய மன்னன் தன் அமைச்சர் வாதவூரரிடம் பெரும் பொருளைக் கொடுத்து, கீழைக் கடற்கரையில் வந்து இறங்கியுள்ள அயல்நாட்டுக் குதிரைகளை வாங்கி வருமாறு அனுப்புகிறான். வாதவூரரோ அப்பொருளைத் திருப்பெருந்துறையில் கோயில் திருப்பணிக்குச் செலவிட்டு விடுகிறார். அடியாரைக் காக்கச் சிவபெருமான் காட்டு நரிகளைக் குதிரைகளாக்கி, தாமே குதிரை வணிகராக மதுரைக்கு வந்து மன்னனிடம் ஒப்படைக்கிறார். வணிக முறைப்படி கயிறும் மாற்றிக் கொடுத்தாயிற்று. அன்று இரவே குதிரைகள் எல்லாம் மீண்டும் நரிகளாகி, லாயத்தில் நின்ற பழைய குதிரைகளையும் கடித்துவிட்டு ஓடி விடுகின்றன.

இது பக்திக் கதை. ஆனால் அறிவியல் பயிலும் மாணவர்களுக்கு இதில் ஒரு வினா இருக்கிறது. மாலையில் வாங்கிய விலங்கும் மறுநாள் காலையில் லாயத்தில் நிற்கும் விலங்கும் ஒன்றுதான் என்பதை எப்படி மெய்ப்பிப்பது? கடல் கடந்து வந்த குதிரையும், அதனுடன் வந்த காகிதத்தில் எழுதப்பட்டிருக்கும் குதிரையும் ஒன்றேதானா? இந்த எளிய வினாவுக்கு விடை காண மனிதனுக்குப் பல நூற்றாண்டுகள் தேவைப்பட்டன. அந்த விடையில் விலங்கியலும் இருக்கிறது, இயற்பியலும் இருக்கிறது, கொஞ்சம் கணக்கும் இருக்கிறது.

வாலுக்கு விலை கொடுத்த மன்னன்

தமிழ்நாட்டின் ஈரமான வெப்பநிலை குதிரை வளர்ப்புக்கு ஏற்றதன்று. ஆகவே நல்ல குதிரைகள் பழங்காலந்தொட்டே கப்பலில் வந்தன. காவிரிப்பூம்பட்டினத்தில் கடல் வழியே வந்த குதிரைகளைப் பற்றிப் பட்டினப்பாலை பேசுகிறது. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டி நாட்டுக்கு வந்த வெனிஸ் நகரப் பயணி மார்க்கோ போலோ, இங்கே குதிரைகள் வளர்க்கப்படுவதில்லை என்றும், வந்தவையும் சரியான பராமரிப்பு இன்றி மடிகின்றன என்றும் எழுதி வைத்தார். பாரசீக வரலாற்று ஆசிரியர் வசாப், ஆண்டுக்கு 10,000 குதிரைகள் பாண்டி நாடு உள்ளிட்ட பகுதிகளின் துறைமுகங்களுக்கு அனுப்பப்பட்டதாகவும், ஒரு குதிரையின் விலை 220 பொன் தினார் என்றும் குறிப்பிடுகிறார். வழியில் இறந்த குதிரைக்கும் அரசே பணம் கொடுத்ததாம்!

இதைவிட வேடிக்கையான செய்தி ஒன்று உண்டு. 16-ஆம் நூற்றாண்டில் விஜயநகரத்தில் தங்கியிருந்த நூனிஸ் என்ற போர்ச்சுகீசியக் குதிரை வணிகர் எழுதியது அது. அவர் காலத்துக்குச் சற்று முன்னர் ஆண்ட சாளுவ நரசிம்மன், ஓர்முசிலிருந்தும் ஏடனிலிருந்தும் வந்த குதிரைகளை உயிரோடு இருந்தாலும் இறந்து போயிருந்தாலும் வாங்கிக்கொண்டான். நடுக்கடலில் இறந்த குதிரையின் வாலை மட்டும் கொண்டு வந்து காட்டினால் போதும், உயிருள்ள குதிரைக்கு உரிய விலை கிடைத்துவிடும்.

மாணவர்களே, அந்த வாலைக் குதிரையின் அடையாளச் சான்றிதழ் என்றே சொல்லலாம். ஆனால் அந்தச் சான்றிதழ் எதைச் சொல்கிறது? ஏதோ ஒரு குதிரை இருந்தது என்பதைச் சொல்கிறது. எந்தக் குதிரை என்பதைச் சொல்வதில்லை. அது உயர்ந்த அரபுக் குதிரையின் வாலா, துறைமுகத்தில் பாரம் இழுத்த கிழட்டு மட்டக்குதிரையின் வாலா என்று கண்டறிய மன்னனிடம் எந்த வழியும் இல்லை. விலங்கு ஒரு பக்கம், அதைப் பற்றிய சான்று ஒரு பக்கம். இவ்விரண்டையும் அவிழாத முடிச்சாகப் பிணைப்பதுதான் அடையாளத்தின் வேலை.

போடி மலைப்பாதையில்

இது மன்னர்களுக்கும் பந்தயச் செல்வந்தர்களுக்கும் உரிய கவலை, நமக்கென்ன என்று எண்ணிவிட வேண்டாம். 1996-ஆம் ஆண்டு மதுரை மாவட்டத்திலிருந்து பிரிந்த தேனி மாவட்டத்தில், போடிநாயக்கனூரை அடுத்த குரங்கணி, கொட்டகுடி மலைப் பகுதிகளில் சாலை எட்டாத ஊர்கள் உள்ளன. அங்கே அரிசியும் உப்பும் மேலே செல்வதும், மலையில் விளைந்தது கீழே வருவதும் குதிரை, கோவேறு கழுதை ஆகியவற்றின் முதுகில்தான். தேர்தல் காலங்களில் வாக்குப்பதிவு இயந்திரங்களும் இவ்வாறே ஏறியுள்ளன. ஒரு குதிரை நோயில் விழுந்தால் ஓர் ஊரின் உணவுப் பாதையே அடைபடும்.

இப்போது ஒரு கற்பனை செய்து கொள்வோம். கம்பம் பள்ளத்தாக்கைச் சேர்ந்த ஒருவர் பிரான்சு நாட்டில் ஒரு குதிரையை விலை பேசி வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். குதிரை விமானத்தில் சென்னைக்கு வந்து, ஆண்டிபட்டிக் கணவாயைத் தாண்டித் தேனிக்கு வந்து சேர வேண்டும். அதனுடன் வரும் காகிதங்கள் நான்கு வினாக்களுக்கு விடை சொல்ல வேண்டும். இந்தக் குதிரை எது? இதன் தாய் தந்தை யார்? இதற்கு என்ன நோய் இல்லை? இது யாருக்குச் சொந்தம்? முதல் வினாவுக்கு விடை தவறினால் மற்ற மூன்று விடைகளும் பயனற்றுப் போகும். வேறொரு குதிரையின் இரத்தப் பரிசோதனைச் சான்றை வைத்துக்கொண்டு நம் குதிரைக்கு நோயில்லை என்று எப்படிச் சொல்வது?

நிறத்தை நம்பலாமா?

ஒரு குதிரையை அடையாளம் சொல்லச் சொன்னால் நாம் முதலில் நிறத்தைத்தான் சொல்வோம். ஆனால் நிறம் ஏமாற்றும். வெள்ளைக் குதிரைகளில் பெரும்பாலானவை பிறக்கும்போது வெள்ளையாக இருப்பதில்லை. கறுப்பாகவோ செம்பழுப்பாகவோ பிறந்து, ஆண்டுதோறும் நரைத்து, ஆறு முதல் எட்டு வயதுக்குள் வெள்ளையாகி விடுகின்றன. இதன் காரணத்தைச் சுவீடன் நாட்டு உப்சாலா பல்கலைக்கழக அறிஞர்கள் தலைமையிலான குழு 2008-இல் வெளியிட்டது. குதிரையின் மரபுப் பொருளில் ஏறத்தாழ 4,600 எழுத்துகள் நீளமுள்ள ஒரு பகுதி இரட்டித்துக் கிடப்பதே நரைப்புக்குக் காரணம். தாயிடமிருந்தோ தந்தையிடமிருந்தோ இந்த இரட்டிப்பு ஒன்று கிடைத்தாலே போதும், குட்டி நரைத்துவிடும்.

ஆகவே குட்டியாக இருந்தபோது எழுதிய காகிதத்தில் "கருங்குதிரை" என்று இருக்கும். எதிரே நிற்பதோ பால் வெள்ளைக் குதிரை! இரண்டும் ஒன்றாகவே இருக்கலாம். இதை ஆராய ஓர் எளிய வழி உண்டு. குதிரையை நீரில் நனைத்துப் பார்த்தால், நரைத்த இடத்தில் மயிருக்கு அடியில் தோல் கறுப்பாகத் தெரியும். பிறவியிலேயே வெள்ளைத் திட்டு இருந்த இடத்திலோ தோல் இளஞ்சிவப்பாக இருக்கும். மயிர் மாறினாலும் தோல் மாறுவதில்லை.

சரி, வயதைக் கொண்டு அறியலாமே என்பீர்கள். குதிரையின் முன்பற்களில் உள்ள குழிகள் தேய்வதைப் பார்த்து வயதைக் கணிப்பது பழைய முறை. ஆனால் கிழக் குதிரையின் பல்லைக் குடைந்து, சூட்டுக்கோலால் கறுப்பாக்கி, இளங்குதிரை என்று விற்ற தரகர்களும் இருந்திருக்கிறார்கள்.

1844-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் புகழ்பெற்ற டெர்பி பந்தயத்தில் ரன்னிங் ரெய்ன் என்ற குதிரை முதலாவதாக வந்தது. அது மூன்று வயதுக் குதிரைகளுக்கு மட்டுமே உரிய பந்தயம். ஓடியது உண்மையில் மக்காபியஸ் என்ற நான்கு வயதுக் குதிரை என்று வழக்கு எழுந்தது. நீதிபதி ஆல்டர்சன், சாட்சிகளின் வாய்மொழியை விடக் குதிரையின் வாயையே பார்க்க விரும்பினார். குதிரையை நீதிமன்றத்துக்குக் கொண்டுவரச் சொன்னார். அவர்களால் கொண்டுவர முடியவில்லை. பரிசு இரண்டாவதாக வந்த ஆர்லாண்டோவுக்குப் போயிற்று.

140 ஆண்டுகள் கழித்து, 1984 ஆகஸ்டு 18 அன்று, ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் பைன் காட்டன் என்ற சாதாரணக் குதிரையின் பெயரில் போல்டு பெர்சனாலிட்டி என்ற வேகமான குதிரையை ஓட விட்டார்கள். நிறத்தை ஒக்க வைக்க மயிர்ச்சாயம். காலில் வெள்ளை அடையாளத்துக்கு வெள்ளைச் சாயம்! குதிரை வென்றது, ஆனால் மோசடி உடனே வெளிப்பட்டு, பரிசு பறிபோயிற்று. இதனின்றும் நாம் அறிவது என்ன? மாறக்கூடிய அடையாளமும் மாற்றக்கூடிய அடையாளமும் அடையாளம் ஆகமாட்டா.

சுழி பார்த்தல்

நம் ஊரில் மாடு வாங்கப் போகும் பெரியவர்கள் சுழி பார்ப்பதை நீங்கள் கண்டிருப்பீர்கள். ஆடி மாதத்தில் ஈரோடு மாவட்டம் அந்தியூரில் குருநாதசாமி கோயில் திருவிழாவையொட்டி நடக்கும் குதிரைச் சந்தையிலும் இப்படித்தான். இன்ன இடத்தில் சுழி இருந்தால் குடும்பத்துக்கு ஆகும், இன்ன இடத்தில் இருந்தால் ஆகாது என்பார்கள். சுழிக்கும் குடும்பத்தின் நன்மை தீமைக்கும் தொடர்பு இருப்பதாக அறிவியல் காணவில்லை. ஆனால் சுழியைக் கூர்ந்து பார்க்கும் அந்தப் பழக்கம் இருக்கிறதே, அது மிகவும் பயனுள்ளது!

சுழி என்பது மயிர்க்கால்கள் சாய்ந்திருக்கும் திசை வட்டமாகத் திரும்பும் இடம். குட்டி தாயின் வயிற்றில் இருக்கும்போதே மயிர்க்கால்கள் எந்தப் பக்கம் சாய வேண்டும் என்பது முடிவாகி விடுகிறது. பிறகு மயிர் உதிர்ந்து முளைத்தாலும், நிறம் நரைத்தாலும், சுழி இருந்த இடத்திலேயே இருக்கும். நெற்றி, கழுத்து, மார்பு, விலா என்று அவை அமையும் இடங்களும் சுழலும் விதமும் குதிரைக்குக் குதிரை வேறுபடுகின்றன. நம் கைரேகையை ஒத்தது இது எனலாம்.

குதிரைக்குரிய அடையாளப் புத்தகத்தைக் குதிரைக் கடவுச்சீட்டு என்கிறார்கள். அதில் குதிரையின் வெற்று உருவப்படம் அச்சிடப்பட்டிருக்கும்: இடப்பக்கம், வலப்பக்கம், முகம், கால்கள் எனத் தனித்தனியாக. கால்நடை மருத்துவர் குதிரையை நேரில் பார்த்து, பிறவி வெள்ளைத் திட்டுகளைச் சிவப்பு மையாலும், சுழிகளைக் கறுப்பு மையில் பெருக்கல் குறியாலும் வரைவது வழக்கம். வெள்ளைத் திட்டே இல்லாத குதிரையானால் சுழிகளை இன்னும் அதிகமாகத் தேடிப் பிடித்துக் குறிக்க வேண்டும். நம் கற்பனைக் குதிரை சென்னையில் இறங்கும்போது, இந்தப் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் அதைச் சுற்றி வந்து ஒப்பிடுவார். அதாவது, அவரும் சுழிதான் பார்க்கிறார்!

கழுத்தில் ஓர் அரிசிமணி

சுழி பார்க்கப் பயிற்சி வேண்டும். எவரும் நொடியில் படிக்கக்கூடிய அடையாளம் ஒன்றும் தேவை. அதுவே தோலுக்கு அடியில் வைக்கப்படும் மின்னணுச் சில்லு. ஏறத்தாழ 12 மில்லிமீட்டர் நீளமும் 2 மில்லிமீட்டர் விட்டமும் உள்ள கண்ணாடிக் குழல் அது. ஒரு நீண்ட அரிசிமணி அளவு. தடித்த ஊசி வழியாகக் குதிரையின் கழுத்தின் இடப்பக்கத்தில், பிடரி மயிருக்குச் சற்றுக் கீழே உள்ள தசைநாரில் இதைச் செலுத்துவார்கள். அங்கே அது அசையாமல் ஆயுள் முழுவதும் தங்கிவிடும்.

இந்தச் சில்லில் மின்கலம் கிடையாது. அப்படியானால் அது எப்படிப் பேசுகிறது? பள்ளியில் நீங்கள் படித்த மின்காந்தத் தூண்டலை நினைவுகூருங்கள். மாறும் காந்தப்புலத்தில் ஒரு கம்பிச்சுருளை வைத்தால் அச்சுருளில் மின்னோட்டம் தூண்டப்படும் என்று 1831-இல் மைக்கேல் பாரடே கண்டார் அல்லவா? மருத்துவர் கையிலுள்ள படிப்பான் ஒன்றில் ஒரு கம்பிச்சுருள் உண்டு. அதில் வினாடிக்கு 1,34,200 முறை அலைவுறும் மின்னோட்டம் பாய்கிறது. அதைக் குதிரையின் கழுத்தருகே கொண்டு சென்றால், சில்லுக்குள் இருக்கும் நுண்ணிய சுருளில் மின்னோட்டம் பிறக்கிறது. அந்த ஆற்றலைக் கொண்டே சில்லு விழித்து, தன் எண்ணைக் குறிப்புகளாக வெளியிட்டுவிட்டு, படிப்பான் அகன்றதும் உறங்கி விடுகிறது. மின்கலம் இல்லாததால் தீர்ந்து போகவும் ஒன்றுமில்லை.

எண் எத்தகையது? உலகம் முழுவதற்கும் பொதுவான விதிப்படி அது 15 இலக்கங்கள் கொண்டது. முதல் மூன்று இலக்கங்கள் நாட்டையோ, சில்லைச் செய்த தொழிற்சாலையையோ குறிக்கும். இந்தியாவுக்கு 356, பிரான்சுக்கு 250. எஞ்சிய 12 இலக்கங்கள் அந்த விலங்குக்கே உரியவை. சில்லுக்குள் இவை சுழி, ஒன்று என்ற இரண்டே குறிகளால் எழுதப்பட்டுள்ளன. விலங்கின் எண்ணுக்கு 38 இடங்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. ஒவ்வோர் இடத்திலும் இரண்டு குறிகளில் ஒன்று வரலாம் என்றால், மொத்தம் எத்தனை எண்கள் அமையும்? 2-ஐ 38 முறை பெருக்கிப் பாருங்கள். ஏறத்தாழ 27,487 கோடி! இது ஒரு நாட்டுக்கு மட்டும். ஆகவே இரண்டு குதிரைகளுக்கு ஒரே எண்ணைக் கொடுக்க வேண்டிய அவசியம் ஒருபோதும் எழாது.

ஐரோப்பிய நாடுகளில் 2009 ஜூலை முதல் புதிதாகப் பதிவாகும் குதிரைக் குட்டிகளுக்குச் சில்லு கட்டாயமாயிற்று. ஆயினும் சில்லிலும் ஒரு குறை உண்டு. அது குதிரையின் உடலில் பிறந்தது அன்று, மனிதன் வைத்தது. ஏற்கெனவே சில்லு உள்ள குதிரைக்கு வேறொருவர் இரண்டாவது சில்லு வைத்துப் புதுக் காகிதம் எழுதிவிட முடியும். அதனால்தான் சில்லு வைப்பதற்கு முன்னர், பழைய சில்லு ஏதேனும் இருக்கிறதா என்று கழுத்தின் இரு பக்கமும் படிப்பானால் தேடிப் பார்க்க வேண்டும் என்பது விதி.

மயிரின் வேரில் வம்சாவளி

இரண்டாவது வினாவுக்கு வருவோம். தாய் தந்தை யார்? உயர்ந்த விலை பேசப்படுவது பெரும்பாலும் இதை வைத்துத்தான். இங்கிலாந்தில் 1791-ஆம் ஆண்டு குதிரைகளின் வம்சப் பதிவேடு முதன்முதலில் அச்சாயிற்று. இன்று உலகெங்கும் உள்ள பந்தயக் குதிரை இனம், அயல்நாட்டிலிருந்து இங்கிலாந்துக்கு வந்த மூன்று பொலிகுதிரைகளின் ஆண்வழி வந்தது. அவற்றில் ஒன்றான டார்லி அரேபியன் 1704-இல் சிரியாவின் அலெப்போ நகரிலிருந்து வந்தது. மற்றொன்றான கொடால்பின் அரேபியன் உண்மையில் அரபுக் குதிரையா, வட ஆப்பிரிக்கக் குதிரையா என்ற வாதம் நெடுங்காலம் நடந்தது. சரியான காகிதம் இல்லாமல் கடல் கடந்த குதிரையின் கதி இதுதான்!

இன்று பிடரியிலிருந்து சில மயிர்களை வேரோடு பிடுங்கி ஆய்வகத்துக்கு அனுப்பினால் போதும். வேரில் உள்ள உயிரணுக்களில் டி.என்.ஏ. இருக்கிறது. குதிரைக்கு 64 நிறமூர்த்தங்கள். 32 தாயிடமிருந்தும் 32 தந்தையிடமிருந்தும் வந்தவை. அவற்றில் சில இடங்களில் ஒரே சிறு சொல் திரும்பத் திரும்ப எழுதப்பட்டிருக்கும். எத்தனை முறை திரும்புகிறது என்பது குதிரைக்குக் குதிரை மாறுபடும். ஆய்வாளர்கள் இத்தகைய பத்துப் பதினைந்து இடங்களைத் தேர்ந்தெடுத்து எண்ணிப் பார்க்கிறார்கள்.

ஓர் எடுத்துக்காட்டு பார்ப்போம். ஓர் இடத்தில் தாய்க்குதிரையின் எண்ணிக்கைகள் 14, 17 என்றும், தந்தையினுடையவை 12, 19 என்றும் கொள்வோம். குட்டிக்கு 14, 19 என்று வந்தால் பொருந்துகிறது. ஒன்று தாயினுடையது, மற்றது தந்தையினுடையது. 15, 19 என்று வந்தால்? 15 எங்கிருந்து வந்தது? காகிதத்தில் தாய் என்று எழுதப்பட்ட குதிரையிடம் அது இல்லை. இப்படிப் பல இடங்களில் பொருந்தாமல் போனால் அந்த வம்சாவளி பொய் என்று முடிவு செய்யலாம்.

போடி மலைப்பாதையின் கோவேறு கழுதையையும் இங்கே நினைத்துக் கொள்ளுங்கள். தாய் குதிரை, 32 கொடுத்தது. தந்தை கழுதை, அதற்கு 62 நிறமூர்த்தங்கள் ஆகையால் 31 கொடுத்தது. ஆக மொத்தம் 63. இணை சேராத இந்த எண்ணிக்கையால்தான் கோவேறு கழுதைக்குப் பெரும்பாலும் குட்டி பிறப்பதில்லை.

டி.என்.ஏ. ஆவது ஐயத்துக்கு இடமற்றதா என்றால், அதற்கும் ஒரு விதிவிலக்கு உண்டு. 2003-ஆம் ஆண்டு இத்தாலியில் பிராமிதியா என்ற குதிரைக் குட்டி படியெடுப்பு முறையில் பிறந்தது. எந்தக் குதிரையின் உயிரணுவிலிருந்து அது உருவாயிற்றோ அக்குதிரையே அதை வயிற்றிலும் சுமந்தது. இவ்விரண்டையும் வழக்கமான டி.என்.ஏ. சோதனை பிரித்தறியாது. சில்லு எண்தான் பிரித்துக் காட்டும். ஆகவே எந்த ஓர் அடையாளமும் தனித்து நின்று போதுமானதாகாது. சுழி, சில்லு, டி.என்.ஏ. மூன்றும் ஒன்றையொன்று சாட்சி சொல்லும்போதுதான் முடிச்சு இறுகுகிறது.

காகிதங்களின் பயணம்

இனி நம் கற்பனைக் குதிரையின் காகிதங்கள் எவ்வழி வருகின்றன என்று காண்போம். பந்தய இனக் குதிரை ஒன்று நாடு மாறும்போது, அதன் ஏற்றுமதிச் சான்றை அந்நாட்டு வம்சப் பதிவேட்டு நிலையம் நம் நாட்டுப் பதிவேட்டு நிலையத்துக்கு நேராக அனுப்புகிறது. நமது நிலையம் பூனாவில் உள்ளது. ஏன் வாங்கியவர் கையிலோ தரகர் கையிலோ கொடுத்தனுப்புவதில்லை? நடுவில் எத்தனை கைகள் மாறுகின்றனவோ அத்தனை முறை திருத்த இடம் உண்டு. தேர்வுத்தாளை மாணவன் கையிலேயே கொடுத்துத் திருத்தும் நிலையத்துக்கு அனுப்பாதது போலத்தான் இதுவும்.

கடவுச்சீட்டு குதிரையுடனேயே பயணம் செய்யும். அதில் தடுப்பூசிகளும் பதிவாகும். குதிரைக்கு நாடு மாறினாலும், பெயர் மாறினாலும், சொந்தக்காரர் மாறினாலும் பிறந்த நாட்டில் கொடுத்த ஆயுள் எண் மாறக்கூடாது. புது நாட்டில் புது எண் கொடுத்தால் பழைய வரலாறு அறுந்து போகும். நோய் வரலாறும் அதனோடு போகும்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். கடவுச்சீட்டு கையில் இருப்பதாலேயே குதிரை நமக்குச் சொந்தமாகிவிடாது. அது குதிரையின் அடையாளமே தவிர, உரிமைப் பத்திரம் அன்று. விற்பனைச் சீட்டு தனியாக வேண்டும். பதிவேட்டில் புது உரிமையாளரின் பெயர் ஏற வேண்டும். சந்தையில் மாடு விற்றவர் தம் கயிற்றை அவிழ்த்துக்கொள்ள, வாங்கியவர் தம் கயிற்றைப் பூட்டுவார் அல்லவா? அந்தக் கயிறு மாற்றுதலைக் காகிதத்தில் செய்வதே இது.

இவை எல்லாவற்றுக்கும் முன்னர், விலங்குகளை நாட்டுக்குள் கொண்டுவர அரசின் நலவாழ்வு அனுமதி பெற்றாக வேண்டும். 1898-ஆம் ஆண்டின் கால்நடை இறக்குமதிச் சட்டம் இதற்கு அடிப்படை. சென்னையில் மத்திய அரசின் விலங்குத் தடுப்புக்காப்பு நிலையம் உள்ளது. அங்கே சில்லு எண்ணும் சுழிப்படமும் சான்றோடு ஒத்துப் போனால்தான் மேற்கொண்டு எதுவும் நடக்கும்.

ஏன் இவ்வளவு கண்டிப்பு?

1959-இல் ஆப்பிரிக்கக் குதிரை நோய் என்னும் கொடிய நோய் மத்தியக் கிழக்கு நாடுகளில் புகுந்தது. கொசுவைவிடச் சிறிய ஒரு வகைக் கடிபூச்சியால் பரவும் வைரசு நோய் அது. ஈரான், பாகிஸ்தான் வழியாக 1960-இல் இந்தியாவையும் எட்டியது. 1961-க்குள் இப்பகுதி முழுவதிலும் 3 இலட்சத்துக்கு மேற்பட்ட குதிரைகளும் கழுதைகளும் கோவேறு கழுதைகளும் மடிந்தன.

மற்றொன்று கிளாண்டர்ஸ் என்னும் தொற்றுநோய். இது பாக்டீரியாவால் வருவது. குதிரையிடமிருந்து அதைப் பராமரிக்கும் மனிதனுக்கும் தொற்றிக்கொள்ளும். இந்தியாவில் இது இன்றும் அவ்வப்போது தலைகாட்டுகிறது. அரியானா மாநிலம் ஹிசாரில் உள்ள தேசியக் குதிரை ஆராய்ச்சி மையம் இதற்கான சோதனைகளைச் செய்கிறது. நோய் உறுதியான குதிரையைக் கொல்வதைத் தவிர வேறு வழியில்லை. உரிமையாளருக்கு அரசு இழப்பீடு தருகிறது. ஆனால் நோயுள்ள குதிரைக்கு நிலையான அடையாளம் ஏதும் இல்லை என்றால் என்ன நடக்கும்? முடிவு வருவதற்குள் அது வேறொரு சந்தையில், வேறொருவர் கையில், வேறொரு பெயரில் நிற்கும். சோதனைக் குழாயில் இருக்கும் இரத்தம் எந்தக் குதிரையினுடையது என்று தெரியாதபோது, அச்சோதனை எவ்வளவு துல்லியமாக இருந்தும் பயனில்லை.

இதற்கு மறுபக்கமும் உண்டு. மீரட் நகரில் இராணுவக் கால்நடை மையத்தில் கடுங்காவலுடன் பராமரிக்கப்படும் ஒரு வளாகத்தை நோயற்ற குதிரை வளாகம் என்று உலக விலங்கு நல அமைப்பு 2025 ஜூலையில் ஏற்றுக்கொண்டது. அங்குள்ள குதிரைகள் இனி வெளிநாட்டுப் போட்டிகளுக்குச் செல்ல வழி பிறந்திருக்கிறது. ஒவ்வொரு குதிரையையும் தனித்தனியே அடையாளம் கண்டு, அதன் நலத்தைப் பதிவு செய்து வந்தால்தான் இத்தகைய நம்பிக்கையைப் பெற முடியும்.

வாலிலிருந்து வில்லை வரை

கம்பம் பள்ளத்தாக்கில் உங்கள் வீட்டுப் பசுவின் காதில் மஞ்சள் வில்லை ஒன்று தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அதில் 12 இலக்க எண் இருக்கும். மாடு இறந்து காப்பீட்டுத் தொகை கேட்கும்போது அந்த வில்லையைக் காட்ட வேண்டும். வில்லை இல்லையேல் இழப்பீடு இல்லை என்பது காப்பீட்டு நிறுவனங்களின் பழைய விதி. இறந்த குதிரையின் வாலைக் காட்டிப் பணம் பெற்ற வணிகரின் நினைவு வருகிறதா? வேறுபாடு ஒன்றுதான். வாலில் எண் இல்லை; வில்லையில் எண் இருக்கிறது. அந்த எண்ணுக்குப் பின்னால் ஒரு பதிவேடு இருக்கிறது.

ஆனால் மலைப்பாதையில் அரிசி சுமக்கும் குதிரைக்கு வம்சப் பதிவேடு இல்லை, கடவுச்சீட்டும் இல்லை. கோடி ரூபாய்க் குதிரைக்கு உள்ள நோய் அபாயம் அதற்கும் உண்டு. அது விழுந்தால் மலையூர் மக்களின் அடுப்பு அணையும் என்று பார்த்தால், அதற்கும் ஓர் அடையாளமும் நலப் பதிவும் வேண்டும் என்பது விளங்கும். 2020-ஆம் ஆண்டு முதல் தேனி மாவட்டம் வீரபாண்டியில் ஒரு கால்நடை மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. நாளை அங்கே பயிலப் போகும் உங்களில் சிலர் இதைச் செய்யக்கூடும்.

அதுவரை ஒன்று செய்து பாருங்கள். ஒரு தாளில் மாட்டின் முகத்தை வெறும் கோடுகளால் வரைந்து கொள்ளுங்கள். உங்கள் தெருவில் உள்ள ஒரே நிறமான ஐந்து மாடுகளின் நெற்றிச் சுழியையும் பிறவி வெள்ளைத் திட்டுகளையும் தனித்தனித் தாளில் குறியுங்கள். சொந்தக்காரர் பெயரைத் தாளின் பின்புறம் எழுதுங்கள். ஒரு வாரம் கழித்துத் தாள்களைக் கலைத்துவிட்டு நண்பனிடம் கொடுத்து, எந்தப் படம் எந்த மாடு என்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். ஐந்தையும் அவன் சரியாகச் சொல்லிவிட்டால், நீங்கள் எழுதியது நல்ல அடையாளச் சான்று. ஒன்று தவறினாலும், எந்த அடையாளத்தைக் கவனிக்கத் தவறினீர்கள் என்று திரும்பப் போய்ப் பாருங்கள்.